முகவரி இல்லாத கடிதங்கள்

2024 ஜனவரி 4ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி எக்ஸ் தளத்தில் சில படங்களை வெளியிட்டார். லட்சத்தீவுக்குப் போய் வந்த இரண்டு நாள் பயணத்தின் படங்கள் அவை. வெண்மணல் கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். முகமூடி அணிந்து நீருக்குள் பவளப்பாறைகளைப் பார்க்கிறார். சாகசம் விரும்புகிறவர்கள் தங்கள் பயணப் பட்டியலில் லட்சத்தீவையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி. மாலத்தீவு என்ற சொல் அந்தப் பதிவுகளில் எங்கும் இல்லை.

ஆனால் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் அதைத் தங்களுக்கு எழுதப்பட்டதாகவே பலர் வாசித்தார்கள். கடலையும் மணலையும் விற்றுப் பிழைக்கிற நாடு அது. மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் சுற்றுலாவிலிருந்துதான் வருகிறது. வடக்கே, கூப்பிடு தூரத்தில், அதே நீலக்கடலையும் அதே மணலையும் காட்டி இந்தியப் பிரதமரே கடை விரித்தால் யாருக்கு உறுத்தாது? உறுத்தலோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதிபர் முகமது முய்சு அரசின் மூன்று துணை அமைச்சர்கள் மோடியையும் இந்தியாவையும் இழிவாகப் பேசிப் பதிவிட்டார்கள். பதிவுகள் நீக்கப்படுவதற்குள் அவற்றின் திரைப்பிடிப்புகள் இந்தியா முழுவதும் சுற்றிவிட்டன. ஜனவரி 7ஆம் தேதி, அவை தனிநபர் கருத்துகள், அரசின் நிலைப்பாடு அல்ல என்று மாலத்தீவு அரசு அறிவித்து மூவரையும் இடைநீக்கம் செய்தது. மறுநாள் டெல்லியில் மாலத்தீவுத் தூதர் வெளியுறவு அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். அதே நாளில் முய்சு சீனப் பயணத்தைத் தொடங்கியிருந்தார். அறுபது ஆண்டு உறவு ஒன்று நான்கு நாளில் கவிழும் நிலைக்கு வந்தது.

இந்த நான்கு நாளை மட்டும் வைத்து, சமூக ஊடகம் உறவைக் கெடுத்தது என்று தீர்ப்பு எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. புண் முன்பே இருந்தது. பதிவுகள் அதில் விரலை விட்டன.

புண்ணின் கதை 2020 வாக்கில் தொடங்குகிறது. இப்ராஹிம் சோலி அதிபராக இருந்த காலம். அவருடைய அரசு இந்தியாவோடு நெருங்கியது. இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்க எண்பது பேருக்குச் சற்று முன்பின்னாக இந்தியப் படையினர் அங்கே தங்கியிருந்தார்கள். தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவருவதும் கடலில் தேடுவதும் அந்த வானூர்திகளின் வேலை. எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஒப்பந்தத்தின்படி இருக்கிறார்கள் என்பது மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த மௌனத்தில்தான் ‘இந்தியா அவுட்’ என்ற ஹேஷ்டேக் முளைத்தது. முதலில் சில இணையச் செய்தித்தளங்களும் இளைஞர்களும் எடுத்துச் சென்றார்கள். 2021 இறுதியில் சிறைத் தண்டனை ரத்தாகி வெளியே வந்த முன்னாள் அதிபர் அப்துல்லா யாமீன் அதைத் தன் கொடியாக்கிக்கொண்டார்.

இதற்கிடையில் 2021 ஜூனில் ஒன்று நடந்தது. தங்கள் அதிகாரிகளைத் தாக்கி எழுதப்படும் செய்திகள், பதிவுகள் மீது நடவடிக்கை கேட்டும் பாதுகாப்பு கேட்டும் இந்தியத் தூதரகம் மாலத்தீவு வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. முறையான வழி, முறையான மொழி. அந்தக் குறிப்பு கசிந்தது. எதை அடக்கச் சொல்லி எழுதப்பட்டதோ அதுவே அந்தக் குறிப்பை எரிபொருளாக்கிக்கொண்டது. 2022 ஏப்ரலில் சோலி ஓர் ஆணை பிறப்பித்து, ‘இந்தியா அவுட்’ பிரசாரம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தடை செய்தார். ஹேஷ்டேக்கைத் தடை செய்த அரசு அடுத்த தேர்தலில் தோற்றது. 2023 செப்டம்பர் 30இல் முய்சு வென்றார். இந்தியப் படையினரை அனுப்புவேன் என்பது அவருடைய முதன்மை வாக்குறுதிகளில் ஒன்று.

ஆக, லட்சத்தீவுப் படங்கள் வந்தபோது மாலேயில் இருந்தது சாதாரண வாசகக் கூட்டம் அல்ல. இன்னொரு நினைவும் அவர்களுக்கு உண்டு. லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காயின் மக்கள் பேசுவது மாலத்தீவின் திவேகி மொழியின் ஒரு வடிவம். இரு நாடுகளின் கடல் எல்லை 1976 டிசம்பரில் எழுதிக் கையொப்பமிடப்பட்டு, மினிக்காய் இந்தியாவின் பக்கம் என்பது ஐயமின்றி நிலைபெற்றது. சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கடலைப் பற்றி டெல்லியில் யார் பேசினாலும் மாலேயில் காது கூர்மையாகிவிடும்.

இந்தியப் பக்கம் எழுந்த எதிர்வினையின் அளவைச் சொல்ல வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவில் வசிப்போர் சுமார் 5.15 லட்சம் பேர், வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து. 2011 கணக்கில் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி. அப்படிப்பட்ட நாட்டைப் புறக்கணிக்கச் சொல்லி 140 கோடிப் பேரின் நாட்டில் ஹேஷ்டேக் கிளம்பினால் அது உரையாடலாக இருக்க முடியாது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் இந்தியக் கடற்கரைகளைப் புகழ்ந்து எழுதினார்கள். ஈஸ்மைட்ரிப் என்ற பயண நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவுகளை நிறுத்தியது. தொலைக்காட்சிகள் அதையே இரவு விவாதமாக்கின.

அடுத்து நடந்ததில் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023இல் மாலத்தீவுக்குச் சென்றவர்களில் இந்தியர்களே முதலிடம். 2 லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரி முடிவதற்குள் இந்தியா ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டு முழுவதுக்குமான இந்தியப் பயணிகள் சுமார் 1.3 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிவு. ஆனால் அதே ஆண்டில் மாலத்தீவின் மொத்தச் சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். சீனர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். புறக்கணிப்பைக் கிளப்பியவர்கள் எந்தப் புவியரசியலைக் கண்டு கோபப்பட்டார்களோ, அந்தப் புவியரசியலுக்கே காலி அறைகளைத் திறந்துவிட்டார்கள். அடி வாங்கியவர்கள் யார்? பதிவு எழுதிய துணை அமைச்சர்கள் அல்லர். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்துகிறவர், இந்தியப் பயணிகளை நம்பித் தொழில் செய்த பயண முகவர், படகோட்டி. மாலத்தீவின் சுற்றுலாத் தொழில் சங்கம் துணை அமைச்சர்களின் பேச்சைக் கண்டித்தது. பயண முகவர்கள் சங்கம், முன்பதிவைத் திறக்கும்படி அந்த இந்திய நிறுவனத்துக்கு உறவுமுறை சொல்லிக் கடிதம் எழுதியது. அமைச்சரின் பதிவுக்கு முகவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

லட்சத்தீவு மட்டும் என்ன பெற்றது? 32 சதுர கிலோமீட்டர் நிலம், 2011 கணக்கில் 64 ஆயிரத்துச் சொச்சம் மக்கள், அகத்தியில் மட்டும் ஒரு விமான ஓடுதளம், நுழைய அனுமதிச் சீட்டு. குடிநீருக்கே கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டிய பவளத்தீவுகளை ஒரு வார வேகத்தில் இன்னொரு நாட்டுக்கு மாற்றாக நிறுத்திவிட முடியாது. அந்தத் தீவுவாசிகளைக் கேட்டு யாரும் ஹேஷ்டேக் போடவில்லை.

இனி மற்றொரு பக்கம். ஹேஷ்டேக்குகள் பறந்த அதே வாரங்களில் இரு நாட்டு அதிகாரிகளும் மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஜனவரி 14இல் மாலேயில் ஒரு சுற்று, பிப்ரவரி 2இல் டெல்லியில் ஒரு சுற்று. டெல்லிக் கூட்டம் முடிந்ததும் வெளிவந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ராஜதந்திரத்தின் பழைய கைத்திறன் தெரியும். மே 10க்குள் இந்தியப் படையினர் மாற்றப்படுவார்கள் என்று மாலே சொன்னது. மருத்துவ, மீட்புப் பணி செய்யும் இந்திய வானூர்திகள் தொடர்ந்து இயங்க இருவரும் ஏற்கும் வழி கண்டிருக்கிறோம் என்று டெல்லி சொன்னது. இரண்டும் உண்மை. சீருடையினர் போனார்கள்; அவர்கள் இடத்தில் இந்தியாவிலிருந்து சீருடை அணியாத தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். ஹெலிகாப்டர்கள் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு அரசும் தன் மக்களிடம் பதிவிட்டுக்கொள்ள ஒரு வெற்றி கிடைக்கும்படி அந்த ஏற்பாடு நெய்யப்பட்டிருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் வந்த இன்னொரு தாள் இதைவிட முக்கியம் என்பேன். 2024-25 நிதியாண்டுக்கு மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிக்கப்பட்ட பொருள்களின் ஒதுக்கீட்டை இந்தியா அறிவித்தது. ஏறக்குறைய 42.75 கோடி முட்டை. 35 ஆயிரம் டன்னுக்கு மேல் வெங்காயம். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு. ஆற்றுமணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். இந்தியாவிலிருந்து வெங்காய ஏற்றுமதிக்கே தடை இருந்த மாதங்கள் அவை. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் அப்படியே. தடையை விலக்கி மாலத்தீவுக்குத் தந்த ஒதுக்கீடு, இந்த ஏற்பாடு தொடங்கிய 1981க்குப் பிறகு மிக அதிகமானது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்குப் போவது நெடுநாள் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் மாதங்களில்தான் அவை கரையில் கட்டிக்கிடக்கும். மாலத்தீவு வெளியுறவு அமைச்சர் மூசா ஜமீர் இந்த ஒதுக்கீட்டுக்கு எக்ஸ் தளத்தில் நன்றி சொன்னார், இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அங்கேயே பதில் சொன்னார். எந்தத் தளத்தில் கிழிந்ததோ அந்தத் தளத்திலேயே தையல் தெரிந்தது. ஆனால் நூல் 1981இன் நூல்.

கடிதத்துக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. கடிதத்துக்கு முகவரி உண்டு. தூதர் எழுதும் குறிப்பு யாருக்கு, எந்தப் பொருளில், எந்தத் தொனியில் என்பது உறையிலேயே எழுதப்பட்டிருக்கும். பதிவு வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு. பேசுகிறவர் தன் வீட்டாரைப் பார்த்துத்தான் பேசுகிறார். அடுத்த வீட்டார் சுவருக்கு அந்தப்புறம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தூரத்து நாடென்றால் பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். அண்டை நாடு நம் தொலைக்காட்சியைப் பார்க்கிறது, நம் சினிமாவை அறிந்திருக்கிறது, நம் தேர்தல் முழக்கங்களின் உட்பொருள்வரை புரிந்துகொள்கிறது. அதனால்தான் சமூக ஊடகத்தின் சூடு முதலில் அண்டை நாடுகளிடையே உறைக்கிறது.

1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தூதரகத்தின் அலுவல்கள் யாவும் விருந்தோம்பும் நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தோடு, அல்லது ஒப்புக்கொள்ளப்பட்ட வேறு அமைச்சகத்தின் வழியாக நடக்க வேண்டும் என்று 41ஆம் பிரிவில் சொல்கிறது. இன்று எந்தத் தூதரகமும் அந்த வாசலோடு நிற்பதில்லை. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2010லேயே ட்விட்டரில் கணக்குத் தொடங்கிவிட்டது. வாசலைத் தாண்டுவது எப்போதும் தீங்கென்றும் சொல்ல முடியாது. 2022இல் கொழும்பு அதற்குச் சாட்சி.

அந்த ஆண்டு இலங்கை எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாள்களில் வதந்திகளும் வரிசையில் வந்தன. ராஜபக்சக்கள் இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்றார்கள். இந்தியப் படை இறங்கப்போகிறது என்றார்கள். 1987இல் வந்த அமைதிப்படையின் நினைவு ஆறாத நாட்டில், வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு காரணங்களுக்காக, இந்த இரண்டாவது வதந்தி நெருப்பு. மே மாதத்தில் கொழும்பு இந்தியத் தூதரகம், அங்குள்ளவர்கள் சொல்வதுபோல் உயர்ஸ்தானிகராலயம், ஒவ்வொன்றையும் சில மணி நேரத்துக்குள் ட்விட்டரில் மறுத்தது. ஜூலை 13இல் கோட்டாபய ராஜபக்ச மாலத்தீவுக்குப் பறந்தபோது, அவர் பயணத்துக்கு இந்தியா உதவவில்லை என்றும் உடனே மறுத்தது. பத்திரிகைக் குறிப்பு எழுதி, அச்சாகி, மறுநாள் காலை வந்திருந்தால் பயனில்லை. அந்த மறுப்புகளை மக்கள் நம்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே மே மாதம் 18ஆம் தேதி 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் 24 டன் மருந்தும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. கப்பல் வரும்போது சொல்லுக்கு எடை கூடுகிறது.

சில மாதத்துக்குள் தூதரகத்தின் அதே ட்விட்டர் கணக்கில் வேறு குரல். ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் ஒரு வாரம் நின்றுபோனது. அதையொட்டிச் சீனத் தூதர் எழுதிய கட்டுரையில், இலங்கையின் வடக்கு அண்டை நாடு வரலாற்றில் 17 முறை படையெடுத்ததாக ஒரு குறிப்பு இருந்தது. ஆகஸ்ட் 27இல் இந்தியத் தூதரகம் அடுத்தடுத்த பதிவுகளில் காரமாகப் பதிலடி கொடுத்தது. இரு பெரிய நாடுகளின் தூதரகங்கள் மூன்றாவது நாட்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, அந்நாட்டு மக்கள் முன்னால், அவர்களுடைய துறைமுகத்தைப் பற்றிச் சண்டையிட்டன. திவாலாகி நின்ற இலங்கைக்கு அந்தச் சண்டையில் பேச இடமே இல்லை.

கச்சத்தீவுக்கு வருகிறேன். 2024 மார்ச் 31. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு இன்னும் 19 நாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை பெற்ற ஆவணங்களை வைத்து வெளியான ஒரு செய்தியைப் பகிர்ந்து, காங்கிரஸ் கச்சத்தீவை இலங்கைக்கு அலட்சியமாகக் கொடுத்துவிட்டது என்று மோடி எழுதினார். மறுநாள் ஜெய்சங்கர் செய்தியாளர்களைச் சந்தித்து, 20 ஆண்டுகளில் இலங்கை 6,184 இந்திய மீனவர்களைப் பிடித்ததையும் 1,175 படகுகளைப் பறித்ததையும் எடுத்துச்சொன்னார். பதிவின் குறி இராமேசுவரமும் சென்னையும். ஆனால் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் முடித்த ஓர் எல்லை ஒப்பந்தத்தை, அதில் கையெழுத்திட்ட அரசின் இன்றைய தலைவரே தவறு என்று பொதுவில் சொல்லும்போது, மறுகரையில் அது தேர்தல் பேச்சாக மட்டும் கேட்காது. இலங்கை வெளியுறவு அமைச்சர் அலி சப்ரி, ஐம்பது ஆண்டுக்கு முன் தீர்ந்த விஷயத்தைத் திறக்கத் தேவையில்லை என்றார். அமைச்சர் ஜீவன் தொண்டமான், இந்தியாவிடமிருந்து அதிகாரபூர்வமாக எதுவும் வரவில்லை என்றார். அவர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது: இத்தனை பேச்சுக்கும் நடுவே அந்த அரசுக்கு முகவரி எழுதி ஒரு வரியும் போகவில்லை.

பாக்குநீரிணையில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு கரையிலும் தமிழ். இந்தக் கரையில் எழுதும் பதிவுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மீனவர் கைதானதும் படகு முனையில் எடுத்த காணொளி வாட்ஸ்அப்பில் வருகிறது. இலங்கைக் கடற்படையின் அட்டூழியம் என்று நாம் பகிர்கிறோம். அதே காணொளியை யாழ்ப்பாணத்து மீனவர் தன் கைபேசியில் பார்க்கிறார். போர்க்காலத்தில் கடல் மறுக்கப்பட்டு, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை கட்டியவர் அவர். இங்கிருந்து போகும் விசைப்படகுகளின் இழுவைமடி அந்த வலையை அறுத்துக்கொண்டு போனதை அவர் படம் எடுத்து வைத்திருக்கிறார். இழுவைமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அவருடைய படம் நம் பக்கம் ஏன் பரவுவதில்லை? மொழி தடை இல்லை. நம் கோபத்துக்கு அது உதவாது என்பதுதான் காரணம். கைதான ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டு முதலமைச்சர் வெளியுறவு அமைச்சருக்கு எழுதும் கடிதம் அன்றைக்கே பொதுவெளியில் வெளியாகிறது. ஊரறியக் கேட்பது மீனவக் குடும்பத்துக்கு ஆறுதல்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இழுவைமடியைக் குறைத்து ஆழ்கடலுக்குப் போவது, வலை இழந்தவருக்கு ஈடு, கடலில் நாள் பிரித்துக்கொள்வது போன்ற சங்கடமான பேச்சுகள் ஊர் பார்க்கிற கடிதத்தில் இடம்பெற முடியாது. இரு கரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசும்போதுதான் அவை வெளியே வரும். 2025 செப்டம்பர் 1இல் அதிபர் அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கினார். இலங்கை அதிபர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் முறை. இந்தக் கரைப் பேச்சுக்கு அது மறுமொழி.

பதிவின் வேகம் கைகொடுத்த இன்னோர் எடுத்துக்காட்டு: 2020 மார்ச் 13இல் கொரோனாவை எதிர்கொள்ளச் சார்க் தலைவர்கள் கூடிப் பேசலாம் என்று மோடி ட்விட்டரில் யோசனை சொன்னார், மாலத்தீவு, இலங்கை, நேபாளம், பூட்டான் தலைவர்கள் அங்கேயே இசைந்தார்கள், 15ஆம் தேதி காணொளிக் கூட்டம் நடந்து, இந்தியா 1 கோடி டாலரோடு ஒரு நிதியைத் தொடங்கியது. 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சிமாநாடே காணாத அமைப்பு இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த மாநாடு அதற்குப் பிறகும் கூடவில்லை.

மாலத்தீவில் தையல் மெல்ல மெல்லப் பிடித்தது. 2024 ஜூன் 9இல் மோடியின் பதவியேற்புக்கு முய்சு டெல்லி வந்தார். ஜூலை இறுதியில் மாலத்தீவின் சுற்றுலா அமைச்சர் டெல்லி, மும்பை, பெங்களூரு என்று ஊர் ஊராக வந்து இந்தியப் பயணிகளை அழைக்கும் நிகழ்ச்சிகளை நடத்தினார். செப்டம்பரில், இடைநீக்கத்தில் இருந்த துணை அமைச்சர்கள் இருவர் பதவி விலகினார்கள். அக்டோபரில் முய்சு அரசுமுறைப் பயணமாக வந்தபோது, 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த மாலேக்கு அது மூச்சு.

2025 ஜூலை 25இல் மோடி மாலே சென்று இறங்கினார். மறுநாள் மாலத்தீவின் 60ஆவது சுதந்திர தின விழாவில் அவரே சிறப்பு விருந்தினர். 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவிக்கப்பட்டது. மாலத்தீவுப் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்தின் முகப்பில் அவருடைய மாபெரும் படம் தொங்கியது. அந்தப் படத்தைப் பலருடைய கைகள் எக்ஸ் தளத்தில் பகிர்ந்தன. ஒன்றரை ஆண்டுக்கு முன் புறக்கணிக்கச் சொன்ன கைகளும் அவற்றில் இருந்திருக்கும். விருந்தினர் இல்லத்தில் 2024இல் காலியாகக் கிடந்த அறைக்கு அந்த ஆண்டின் வாடகை மட்டும் திரும்பி வரவில்லை.